மூன்று கோடு

டிரம் கழுவும்போது முதல் தண்ணீரை நம்பக்கூடாது என்பாள் அவள். உள்ளே ஒட்டியிருப்பதில் பாதியைத்தான் அது கொண்டுபோகும். மீதியும் போய்விட்டது போல நம்மை ஏமாற்றும். இரண்டாவது தண்ணீரை ஊற்றி, மூடியை இறுக்கி, டிரம்மைப் படுக்கவைத்து, முற்றத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை காலாலேயே உருட்டிக்கொண்டு போய்த் திரும்ப வேண்டும். மூன்றாவது தண்ணீர் வெளியே வரும்போது கொஞ்சம் விரலில் வாங்கித் தேய்த்துப் பார்ப்பாள். வழுக்கக்கூடாது, வாசனை இருக்கக்கூடாது. இரண்டும் இல்லையென்றால், அடுப்பில் காய்ந்துகொண்டிருக்கும் ஆணியை இடுக்கியால் எடுத்து, டிரம்மின் தோளில், மூடிக்குப் பக்கத்தில், மூன்று கோடு இழுப்பாள். ஒரு தண்ணீருக்கு ஒரு கோடு. பிளாஸ்டிக் உருகி, மெல்லிய புகை எழுந்து அடங்கும். முதல் இரண்டும் நேராக இருக்கும். மூன்றாவது மட்டும் கீழே வரும்போது இடது பக்கம் வளைந்துவிடும். எப்போதோ கொதிநீர் பட்டு மணிக்கட்டுத் தோல் சுருங்கியதால் வந்த வளைவு அது. நேராக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை.

தெருவில் அதை டிரம் வீடு என்பார்கள். ஆலைகள் கழித்துப்போடும் நீல டிரம்களை வாங்கி, கழுவி, கட்டட வேலைக்கும் தோட்டத்துக்கும் தண்ணீர் பிடித்து வைக்கக் கேட்பவர்களுக்கு விற்பார்கள். கழுவின தண்ணீரெல்லாம் முற்றத்து மூலையில் இருக்கும் சிமென்ட் தொட்டிக்குப் போகும். மாதம் ஒருமுறை வண்டி வந்து அதை உறிஞ்சிக்கொண்டு போகும். இது தெருவுக்குத் தெரியும். இருந்தாலும் கால்வாயில் ஒரு மீன் செத்து மிதந்தால் எல்லோரும் முதலில் அந்த வீட்டு மதில் பக்கம்தான் திரும்புவார்கள்.

வீட்டில் மூன்று பேர். அவள், அவள் புருஷன், புருஷனின் அக்கா. புருஷனுக்குத் தெருவில் காதுக்காரர் என்று பெயர். டிரம்மை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டி, தலையைச் சாய்த்து, "இதுல நாலு விரல் தண்ணி நிக்குது" என்பார். கவிழ்த்துப் பார்த்தால் நாலு விரல்தான் இருக்கும். நாத்தனார் வாசல்படியில் உட்கார்ந்து மூடிகளைத் தரம் பிரிப்பாள். பழைய டயர் டியூபைக் கத்தரித்து மூடிக்கு வாஷர் போடுவதும் அவள்தான். வாய்க்கும் கத்தரிக்கும் ஒரே வேகம்.

அன்று காலை டீயைத் தம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கி வண்டி வந்தது. வெயில் ஏறாத நேரம். ஆனால் காற்று அதற்குள் சூடாக, கால்வாய்ப் பக்கமிருந்து தெருவுக்குள் வீசிக்கொண்டிருந்தது.

"கால்வாய் கரையில் ரசாயன டிரம் ஒன்று கிடக்கிறது. கசிவு ஏற்பட்டுள்ளது. பொதுமக்கள் உடனே வீடுகளைப் பூட்டிவிட்டு மேட்டுத் தெருப் பள்ளிக்கூடத்துக்குச் செல்லவும். குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்."

நாத்தனார் கத்தரியைக் கீழே வைத்தாள். "டிரம்மா? நம்ம வீட்டுல இருநூறு கிடக்கு. ஒருத்தனும் மைக் வெச்சுக் கூப்பிட்டதில்ல."

"அண்ணி, எந்திரிங்க. அடுப்பை அணைச்சுட்டு வர்றேன்."

"டீயைக் குடிச்சுட்டுப் போவோம்டி. ஊத்தினதை வீணாக்குவாங்களா?"

மூன்று பேரும் நின்றபடியே குடித்தார்கள். கதவைப் பூட்டும்போது காதுக்காரர் முற்றத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அடுக்கி வைத்த டிரம்கள் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றன. அந்த நேரத்தில் அவை தங்களைக் காட்டிக்கொடுப்பது போல அவளுக்குத் தோன்றியது. அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. நாம் என்ன செய்தோம்?

*

பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்கால் மார்பில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் முந்தின நாள் கணக்கு அழியாமல் இருந்தது. இவர்கள் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது.

சைக்கிள் கடைக்காரர்தான் ஆரம்பித்தார். "வாங்க வாங்க. டிரம்மே வந்திருச்சு. இனி கவலையில்ல."

"என்னங்க சொல்றீங்க?" என்றார் காதுக்காரர்.

"நான் என்ன சொல்றது? இந்தச் சுத்துவட்டாரத்துல டிரம் வெச்சுப் பிழைக்கிறது ஒரே வீடு. கால்வாய்ல டிரம் கிடந்தா வானத்துல இருந்தா விழும்?"

நாத்தனார் ஒரு பெஞ்சை முந்தானையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். "தெருவுல எவன் டயர் பஞ்சரானாலும் உன் கடைக்குத்தான் வர்றான். அப்போ ஆணி போடுறது நீதானா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரி நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தாள். "விடுக்கா. அவருக்கு இன்னும் டீ கிடைக்கல, அதான்" என்றாள் மெதுவாக. ஆனால் தையல்காரியும் அடுத்தபடியாகக் கேட்டாள். "உங்களோடது இல்லையே?"

"இல்ல" என்றாள் அவள். சொல்லும்போது அது உண்மையாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் துப்புரவு அணியின் தலைவி உள்ளே வந்தாள். நாற்பது வயது இருக்கும். கழுத்துவரை மஞ்சள் உடை. முகமூடியைக் கழற்றியதில் கன்னம் முழுக்க ரப்பர் விளிம்பின் சிவந்த தடம். அவளுக்குப் பின்னால் வழுக்கைத் தலையுடன் ஒருவர், கையில் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகள் அடுக்கிய பெட்டியோடு வந்தார். சோதனை பார்ப்பவர்.

தலைவி தண்ணீர் பாட்டிலைத் திறந்து பாதியை ஒரே மூச்சில் குடித்தாள். அப்புறம்தான் பேசினாள்.

"எல்லாரும் பயப்படாதீங்க, ஆனா கவனமா கேளுங்க. கரையில ஒரு டிரம் கிடக்கு. வீங்கிட்டே வருது. அடியில லேசா கசியுது. அங்கேயிருந்து குடிதண்ணி எடுக்குற இடம் ரொம்பத் தூரமில்ல. எடுக்குறதை நிறுத்தியாச்சு. கரையில மணல் மூட்டை கட்டியாச்சு. ஆனா டிரம் வெடிச்சா மணல் தாங்காது. இது போட்டோ. யாராவது இதைக் கொண்டுவந்து போட்ட வண்டியைப் பார்த்திருந்தா சொல்லுங்க."

கைபேசி பெஞ்சு பெஞ்சாக வந்தது. சைக்கிள் கடைக்காரர் பெரிதாக்கிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், நகர்த்தினார். தையல்காரி பார்த்தாள். பிறகு அது அவள் கைக்கு வந்தது.

நீல டிரம். வயிறு பெருத்துச் சாய்ந்து கிடந்தது. பக்கவாட்டில் மஞ்சள் லேபிள், அதில் கறுப்பில் ஒரு ஆலையின் முத்திரை, 'காரம்' என்று பெரிய எழுத்து. டிரம்மைச் சுற்றிப் புல் வெள்ளையாக இருந்தது. உலர்ந்த வெள்ளை இல்லை. சலவை செய்த துணியின் வெள்ளை. அவள் விரல் தானாகவே படத்தை மேலே நகர்த்தியது. டிரம்மின் தோள். மூடிக்குப் பக்கத்தில் மூன்று கோடு. மூன்றாவது கோடு கீழே இடதுபக்கம் வளைந்திருந்தது.

தன் முகத்தை எதிர்பாராத ஒரு கண்ணாடியில் பார்த்ததுபோல இருந்தது. அவள் அதிகம் படித்தவள் இல்லை. கையெழுத்து என்று எங்கும் போட்டதில்லை. தேவைப்படும் இடத்தில் புருஷன்தான் போடுவார். உலகத்தில் அவள் தன் கையால் எழுதி வெளியே அனுப்பியது அந்த மூன்று கோடு மட்டும்தான். அது இப்போது கால்வாய்க் கரையில், வெளுத்த புல்லின் நடுவில் கிடந்தது.

முழங்காலில் ஒரு கை அழுந்தியது. காதுக்காரர். அவரும் பார்த்துவிட்டார்.

"கொடுத்துரு" என்றார் உதடு அசையாமல்.

அவள் கைபேசியை நாத்தனாரிடம் கொடுத்தாள். நாத்தனார் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல் அடுத்த பெஞ்சுக்குக் கொடுத்தாள்.

*

"ஏங்க, நம்ம டிரம்ங்க."

"தெரியுது. சும்மா இரு."

"அந்த மஞ்சள் லேபிள் லோடு. அன்னைக்கு வந்தாரே, சின்ன லாரிக்காரர். தோட்டத்துக்குன்னு மூணு வாங்கிட்டுப் போனாரே."

"நாம வித்துட்டோம். அதுக்கப்புறம் அவன் அதுல என்ன ஊத்தினாலும் நமக்குச் சம்பந்தமில்ல. நீ எந்திரிச்சு நம்மளதுன்னு சொன்னா என்ன ஆகும் தெரியுமா? எதிர்ல சைக்கிள் கடைக்காரன் உக்காந்திருக்கான் பாரு. அவன் நினைச்சது சரின்னு ஆயிடும். நம்ம டிரம் யார்டை மூடிட்டுப் போயிடுவாங்க."

"லேபிள் இருக்குங்க."

அந்தச் சொல் அவர்கள் இருவருக்கும் நடுவில் மட்டும் புரியக்கூடியது.

முன்பெல்லாம் மூன்றாவது தண்ணீருக்குப் பிறகு லேபிளையும் சுரண்டிவிடுவது அவள் வழக்கம். அந்த மஞ்சள் லேபிள் லோடு வந்தபோது கோடை. பசை வெயிலில் இளகி, பிறகு காய்ந்து, கல்லாக ஒட்டிக்கொண்டிருந்தது. தகடு வைத்துச் சுரண்டினாள், வெந்நீர் ஊற்றிச் சுரண்டினாள், கடைசியில் நகத்தால் சுரண்டினாள். அன்று சாயங்காலம் சோற்றில் கை வைத்தபோது நகக்கண்ணெல்லாம் எரிந்தது. அவர் தட்டை ஒதுக்கிவிட்டு அவள் கையை இழுத்துப் பார்த்தார். நகத்தின் ஓரங்களில் ரத்தம் கட்டியிருந்தது. பிறகு, "இனிமே லேபிளைத் தொடாத. இருந்துட்டுப் போகட்டும். லேபிள் இருந்தாத்தான் கம்பெனி டிரம்முன்னு ஆசையா வாங்குறான்" என்றார். இரண்டாவது வாக்கியம் சும்மா சேர்த்துக்கொண்டது என்று அவளுக்குத் தெரியும். அவருக்கு அன்பாகப் பேச வராது. வியாபாரம் பேசுவது போலத்தான் பேசுவார். அன்றைக்கு அவளுக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது! அந்த நிறைவில்தான் லேபிள்கள் தங்கின.

கழுவிய டிரம்மில் பழைய பெயர். உள்ளே இருந்ததை மூன்று தண்ணீரில் போக்கிவிட்டு, வெளியே அது இருப்பதாகச் சொல்ல விட்டுவிட்டார்கள்.

முன் பெஞ்சுப் பக்கம் தலைவியும் வழுக்கைத் தலைக்காரரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அறை சின்னது. எல்லாம் கேட்டது.

"சாம்பிள் லேபுக்குப் போயிருக்கு மேடம். முடிவு வர ரெண்டு மணி நேரமாகும்."

"டிரம் ரெண்டு மணி நேரம் காத்திருக்காது. வெயிலைப் பாருங்க."

"லேபிள்ல காரம்னு போட்டிருக்கு. சோதனைத் தாள் வெச்சுப் பார்த்தேன், தாளும் காரம்னுதான் காட்டுச்சு. சமப்படுத்துற அமில வண்டி வாசல்ல வந்து நிக்குது. கசிஞ்ச இடத்துல கொஞ்சம் கொஞ்சமாச் சேர்த்துடலாம்."

"காரம் வீங்காதே. அதுதான் எனக்கு உறுத்துது."

"வெயில்ல வீங்கியிருக்கும் மேடம்."

தலைவி நெற்றியைத் தேய்த்தாள். "லேபிளை நம்பி இறங்குறது எனக்குப் பிடிக்கல. ஆனா கையில இருக்குறது அது ஒண்ணுதான். ஆளுங்களை ரெடியாகச் சொல்லுங்க."

காதுக்காரரின் கை இன்னும் முழங்காலில் இருந்தது. அது அழுத்தவில்லை, சும்மா இருந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் சேலையின் கரையைப் பார்த்தாள். வேலைக்குக் கட்டுகிற சேலை. நீலக் கரையில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். சலவை ஆலையிலிருந்து வருகிற, துணி வெளுக்கும் திரவ டிரம்களைக் கழுவும்போது தெறித்தவை. அந்தத் திரவம் பட்டால் துணியின் நிறம் முதலில் ஒன்றும் ஆகாது. திரும்பிப் பார்க்கும்போது போயிருக்கும்.

வெளுத்த புல்.

யார்டு மூடிவிடும் என்று அவர் சொன்னது பொய்யில்லை. மூடிவிடுவார்கள். சைக்கிள் கடைக்காரர் நாளைக்கு என்ன சொல்வார் என்பதும் தெரியும். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று கோடு போட்ட ஒன்றைத் தன்னுடையது இல்லை என்று சொல்ல வேண்டுமென்றால், இத்தனை வருஷமும் போட்ட கோடுகளை எல்லாம் இல்லை என்று சொல்ல வேண்டும். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு மூச்சு முட்டியது. முதல் பயம் அதற்குப் பக்கத்தில் சின்னதாகிவிட்டது.

அவள் அவர் கையை மெல்ல எடுத்துப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

*

"மேடம். அது எங்க டிரம்."

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. பிறகு சைக்கிள் கடைக்காரர், "சொன்னேனா?" என்றார்.

"நீங்க கொஞ்சம் இருங்க" என்றாள் தலைவி அவரிடம். இவள் பக்கம் திரும்பினாள். "எப்படிச் சொல்றீங்க?"

"மூடிக்குப் பக்கத்துல மூணு கோடு இருக்கு. நான் போட்டது. மூணாவது கோடு வளைஞ்சிருக்கும், பாருங்க." மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். "மூணு தடவை கழுவினாத்தான் அந்தக் கோடு. கழுவித்தான் வித்தோம். உள்ள காரம் ஒரு சொட்டு கிடையாது. அந்த லேபிளை நம்பாதீங்க. அதை நாங்கதான் சுரண்டாம விட்டுட்டோம். அது எங்க தப்பு. வாங்கினவங்க உள்ள வேற என்னமோ ஊத்தியிருக்காங்க."

"என்னன்னு தெரியுமா?"

"நிச்சயமாத் தெரியாது. ஆனா..." அவள் வழுக்கைத் தலைக்காரரைப் பார்த்தாள். "சார், நீங்க தாள் வெச்சுப் பார்த்தீங்களே. அது இப்போ என்ன நிறத்துல இருக்கு?"

"நீலம்மா. அதான் காரம்."

"அப்போ நீலம். இப்போ?"

அவர் பெட்டியைத் திறந்து ஒரு பையை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மறுபடி பிடித்தார். பைக்குள் இருந்த தாள் துண்டு பளீரென்று வெள்ளையாக இருந்தது.

"மேடம்" என்றார். பையைத் தலைவியிடம் நீட்டினார்.

தலைவி பையை வாங்கிப் பார்த்தாள். "சலவைத் திரவம். முதல்ல நீலம் காட்டி அப்புறம் வெளுத்துடும்" என்றாள் தனக்குள் சொல்வது போல. பிறகு வாசல் பக்கம் ஓடினாள். "அமில வண்டியை நிறுத்து! யாரும் தொடாதீங்க! வண்டியைப் பின்னால எடு!"

சைக்கிள் கடைக்காரர் எழுந்து நின்றார். "ஏன் சார்? அமிலம் ஊத்தினா என்ன?"

வழுக்கைத் தலைக்காரர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "விஷக் காத்து கிளம்பும். அங்க நிக்குற எங்க ஆளுங்களுக்கு முதல்ல. அப்புறம் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்தீங்கள்ல?"

ஜன்னல் திரை உள்ளே பார்த்து ஊதிக்கொண்டிருந்தது. சைக்கிள் கடைக்காரர் உட்கார்ந்தார்.

தலைவி திரும்பி வந்தபோது அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். உட்காரலாமா என்று தெரியவில்லை. அப்போது பக்கத்தில் பெஞ்சு கிறீச்சிட்டது. காதுக்காரர் எழுந்திருந்தார்.

"மேடம், அந்த மூடி எங்களுது" என்றார். குரல் கொஞ்சம் அடைத்திருந்தது. "சலவைத் திரவம் வர்ற டிரம்முல மூச்சு விடுற மூடி இருக்கும். நடுவுல சின்ன ஓட்டை. உள்ள காத்து உண்டானா அதுவழியா போயிடும். இது காரத்து டிரம். நான் போட்டது அடைச்ச மூடி. மூச்சு விடாது. அதான் வீங்குது."

"அப்போ மூடியைக் கொஞ்சம் தளர்த்தினா காத்து இறங்கிடும்."

"இறங்கும். ஆனா..."

"ஆனா என் வாஷர்" என்றாள் நாத்தனார். அவளும் எழுந்துவிட்டாள். "டயர் டியூப்ல நான் வெட்டிப் போட்டது. அந்தத் திரவம் ரப்பரைத் தின்னுடும். இந்நேரம் கூழாத்தான் இருக்கும். ஒரேயடியாத் திருப்பினா மூடி பறந்து மூஞ்சியில அடிக்கும். கால் சுத்து. நிறுத்து. மறுபடி கால் சுத்து. அவ்வளவுதான். அவசரப்பட்டா என்னைக் கேக்கக்கூடாது."

தலைவி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கன்னத்துச் சிவப்புத் தடத்துக்கு நடுவில் சிரிப்பு ஒன்று வந்துபோனது.

"இன்னும் ஏதாவது உண்டா?"

"உண்டு" என்றாள் அவள். "அன்னைக்கு ஒரு சின்ன லாரிக்காரர் வாங்கிட்டுப் போனது மூணு. இங்க ஒண்ணுதானே கிடக்கு?"

*

கரை பள்ளிக்கூடத்திலிருந்து தெரியாது. மரங்கள் மறைத்தன. வழுக்கைத் தலைக்காரர் வாக்கிடாக்கியோடு அவர்கள் வகுப்பிலேயே தங்கினார். தெரு முழுவதும் அவரைச் சுற்றி நின்றது. தையல்காரி எங்கிருந்தோ ரொட்டியும் அவித்த முட்டையும் வாங்கிவந்து, முதல் முட்டையை அவள் கையில் வைத்தாள். அவள் உரிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கேடயத்துக்குப் பின்னால இருக்கோம்" என்றது தலைவியின் குரல், முகமூடிக்குள்ளிருந்து, கிணற்றில் பேசுவது போல. "நீளச் சாவியை மூடியில மாட்டியாச்சு. கால் சுத்து... நிறுத்து."

இரைச்சல். பிறகு பாம்பு சீறுவது போல ஒரு சத்தம்.

"மூச்சு விடுது" என்றார் காதுக்காரர். வாக்கிடாக்கியின் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். வழுக்கைத் தலைக்காரர் ஏதோ தோன்றி, அதை அவர் காதருகே கொண்டுபோனார்.

"சத்தம் குறையுது. அடுத்த சுத்துப் போகவா?" என்றது குரல்.

காதுக்காரர் விரலை ஆட்டினார். "இருங்க. குறையல. வாய் சின்னதாயிருக்கு, அவ்வளவுதான். வாஷர் அடைக்குது. உள்ள அப்படியே இருக்கு."

வழுக்கைத் தலைக்காரர் அதை அப்படியே திருப்பிச் சொன்னார். அங்கே காத்திருந்தார்கள். சீறல் திடீரென்று தடித்தது, பிறகு மெலிந்தது. வகுப்பில் ஒருவரும் அசையவில்லை. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் தினமும் பார்க்கிற முகம்தான். அந்தச் சாய்ந்த தலையை இவ்வளவு பேர் சேர்ந்து பார்ப்பதை இன்றைக்குத்தான் பார்த்தாள்.

"இன்னும்... இன்னும் கொஞ்சம்..." என்றார். "ஆங். இப்போ திருப்பலாம்."

"கால் சுத்து" என்றது குரல். இந்தத் தடவை சீறல் பெருமூச்சு மாதிரி வந்து நின்றுபோனது.

"முடிஞ்சுது" என்றார் காதுக்காரர் கண்ணைத் திறந்து.

"வயிறு இறங்கிருச்சு!" என்றது குரல். அங்கே யாரோ கைதட்டுவதும் கேட்டது.

அப்புறம் நடந்தவை மெதுவாக நடந்தன. கசிந்த இடத்தில் வேறொரு உப்புக் கரைசலை ஊற்றிச் சலவைத் திரவத்தின் வீரியத்தைக் கொன்றார்கள். வெளுத்த புல்லை மண்ணோடு வெட்டி எடுத்தார்கள். டிரம்மைக் கயிறு கட்டித் தூக்கி, அதைவிடப் பெரிய மஞ்சள் டிரம் ஒன்றுக்குள் இறக்கி மூடினார்கள். இதைக் கேட்டதும் நாத்தனார், "பாருடி, டிரம்முக்கே சட்டை தைச்சுட்டாங்க. உனக்கு வேலை போச்சு" என்று தையல்காரியை இடித்தாள். ஒரு மணிக்கு மேல் மீதி இரண்டு டிரம்களும் கிடைத்தன. பாலத்துக்கு அடியில், கோரைக்குள், பாதி தண்ணீரில் கிடந்தன. ஒன்றின் மூடியில் விரிசல் விழுந்திருந்தது. இன்னும் ஒருநாள் போயிருந்தால் தானாகவே திறந்திருக்கும். அதற்குள் குடிதண்ணீரைத் திறந்துவிட்டும் இருப்பார்கள்.

"சேறு அப்பியிருந்தது" என்றாள் தலைவி, திரும்பி வந்து. தலைமுடி வேர்வையில் ஒட்டிக்கிடந்தது. "துடைச்சுப் பார்த்தோம். மூணு கோடு. அப்புறம்தான் நிம்மதியா மூச்சு விட்டோம்."

பிறகு ஒரு தாளை எடுத்தாள். அவள் குரல் மாறவில்லை, ஆனால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "இதையும் சொல்லியாகணும். லேபிளோட வித்தது தப்புத்தான். ஆய்வு முடியற வரைக்கும் யார்டுல விற்பனை கூடாது. நான் எழுதாம விட முடியாது."

"எழுதுங்க" என்றாள் அவள். "அது நடந்ததுதானே."

"அந்த லாரிக்காரரைப் பத்தி ஏதாவது நினைவிருக்கா? நம்பர்?"

"நம்பர் பார்க்கல" என்றார் காதுக்காரர். "ஆனா வண்டி சத்தம் தெரியும். சைலன்ஸர்ல ஓட்டை. மூணாவது கியர்ல போடும்போது பல்சக்கரம் ஒரு தடவை கடிக்கும். எங்கே கேட்டாலும் சொல்லிடுவேன்."

தலைவி பேனாவை நிறுத்தினாள். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். "இதையும் எழுதிக்கறேன்" என்றாள். எழுதினாள்.

தாளை நீட்டியபோது, பழக்கத்தில் காதுக்காரர் கையை நீட்டினார். நீட்டிய கையைப் பாதியிலேயே திருப்பி, பேனாவை வாங்கி அவளிடம் கொடுத்தார்.

"நீதான் சொன்ன. நீயே போடு."

அவள் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள். கடைசி எழுத்து கொஞ்சம் இடது பக்கம் வளைந்தது.

சாயங்காலம் வீடு திரும்பும்போது சைக்கிள் கடைக்காரர் கடை வாசலில் நின்றிருந்தார். அவர்கள் கடந்த பிறகு, "அக்கா" என்று கூப்பிட்டார். அவளை அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. திரும்பிப் பார்த்ததும், "வண்டி ஏதாவது இருந்தா கொண்டாங்க. காத்து அடிச்சுத் தர்றேன்" என்றார்.

"எங்ககிட்ட சைக்கிளே இல்லையேப்பா" என்றாள் நாத்தனார். "உருட்டுற டிரம்முக்கு வேணும்னா அடிச்சுக் குடு."

*

மறுநாள் காலை வெயில் வருவதற்கு முன்பே காதுக்காரர் முற்றத்தில் இருந்தார். இருநூறு டிரம்மில் மஞ்சள் லேபிள் ஒட்டியவற்றைத் தனியாக உருட்டி, சுவரோரம் வரிசையாக நிறுத்தியிருந்தார். வெந்நீர் அண்டாவில் பழைய சாக்குகள் ஊறிக்கொண்டிருந்தன. ஈரச் சாக்கை லேபிளின்மேல் போர்த்தி, ஊறவிட்டு, தகட்டால் ஓரத்திலிருந்து நெம்பிக்கொண்டிருந்தார்.

"விக்கக் கூடாதுன்னு எழுதிட்டுப் போயிருக்காங்க" என்றாள் அவள்.

"விக்கக் கூடாதுன்னுதான் எழுதியிருக்கு. சுரண்டக் கூடாதுன்னு எழுதல."

அவள் தகடு ஒன்றை எடுத்தாள். அவர் அவள் கையிலிருந்து அதை வாங்கிக் கீழே வைத்தார். "நான் சுரண்டுறேன். நீ உன் வேலையைப் பாரு."

மதிலுக்கு மேலிருந்து தையல்காரியின் முகம் எட்டிப் பார்த்தது. தைக்கும்போது விரல் நுனியில் மாட்டிக்கொள்கிற உலோகத் தொப்பிகள் இரண்டை நீட்டினாள். "இந்தாங்க அண்ணே. நகம் பத்திரம். வீட்டுல ஒருத்தர் நகம் போனது போதும்."

நாத்தனார் மூடிகளைப் பிரித்துக்கொண்டே அதைப் பார்த்தாள். ஓட்டை வைத்த மூடிகளை ஒரு கூடையிலும் அடைத்த மூடிகளை ஒரு கூடையிலும் போட்டுக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் எல்லாம் ஒரே கூடைதான். "என் தம்பி விரலுக்குத் தொப்பி வெச்சு நான் பார்த்ததில்ல. தலைக்கே வெச்சதில்ல" என்றாள்.

முதல் லேபிள் முழுசாக உரிந்து வந்தபோது அடியில் டிரம் புது நீலத்தில் பளபளத்தது. காதுக்காரர் அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து, டிரம்மை அவள் முன்னால் உருட்டிவந்து நிறுத்தினார். அதன் தோளில் மூன்று கோடு ஏற்கெனவே இருந்தது.

அவள் அடுப்பிலிருந்து ஆணியை எடுத்தாள். கோடுகளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு, ஆணியை வைத்து, இன்னொரு கோடு இழுத்தாள். புகை எழுந்து அடங்கியது. அந்தக் கோடும் கீழே வரும்போது இடது பக்கம் வளைந்தது.

"நாலாவது எதுக்கு?" என்றார் அவர்.

"லேபிளுக்கு."

அவர் விரல் தொப்பியோடு அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முட்டியால் டிரம்மை இரண்டு தட்டு தட்டி, தலையைச் சாய்த்தார்.

"ஒண்ணுமில்ல" என்றார். "காலி."

அவள் ஆணியை மறுபடி அடுப்பில் வைத்துவிட்டு, "அடுத்ததைக் கொண்டாங்க" என்றாள்.